ஒரு டஜன் முட்டை

1762-இல் ழான் ழாக் ரூசோ 'எமீல்' என்றொரு தடித்த புத்தகம் போட்டார். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று உலகத்துக்குப் பாடம். ஆசிரியரின் தகுதி, தனக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் பாரிஸ் அநாதை இல்லத்துக்கு அனுப்பியது. தானே தூக்கிக்கொண்டு போகவில்லை, மருத்துவச்சியிடம் கொடுத்தனுப்பினார்.

நாலு பாகம் முழுக்கப் பையன் எமீலைக் காற்றாட ஓடவிட்டார். ஐந்தாம் பாகத்தில் அவனுக்குப் பெண் பார்க்க வேண்டி வந்தது. சோஃபி என்று ஒருத்தியைத் தாமே செய்து கொடுத்தார். அவள் படிப்பெல்லாம் ஆம்பளையைச் சுற்றியே இருக்க வேண்டுமாம்: அவன் மனசு கோணாமல் நடப்பது, சின்ன வயதில் வளர்ப்பது, வளர்ந்தபின் பார்த்துக்கொள்வது. தத்துவம், விஞ்ஞானம் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

சரி, இதை எழுதியவர் யார் சோற்றைச் சாப்பிட்டார்? பதினாறு நிறையுமுன் ஜெனிவாவை விட்டு ஓடியவருக்கு அடைக்கலம் தந்தவர் மதாம் தெ வாரென்ஸ். அவரை 'அம்மா' என்று கூப்பிட்டார். பிறகு நடந்ததைச் சுயசரிதையில் ரூசோவே எழுதிவிட்டார், நான் வேறு எதற்கு. 1756-இல் குடியிருக்க வீடு கொடுத்தவர் மதாம் தெப்பினே. மறுவருஷமே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு மூட்டையைக் கட்டினார்.

அந்தப் பக்கம் கோனிக்ஸ்பெர்க்கில் தத்துவஞானி கான்ட். 'எமீல்' படிக்கிற மும்முரத்தில் அன்றாட நடையையே மறந்தார் என்று ஒரு கதை உண்டு. கட்டைப் பிரம்மச்சாரி, ஆகவே பெண்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இயந்திரவியல் பேசும் மார்க்கீஸ் துஷாத்லே போன்ற பெண்ணுக்குத் தாடியும் முளைத்திருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று 1764-இல் எழுதினார். அந்த அம்மாள் நியூட்டனின் 'பிரின்சிபியா'வை லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவர். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து முடித்து, பிரசவமான சில நாளில் 1749-இல் போய்ச் சேர்ந்தார். செத்துப் பதினைந்து வருஷம் ஆனவரிடம் வம்பிழுப்பதில் ஒரு சௌகரியம், திருப்பி அடிக்கமாட்டார்.

எதிர்க்கட்சியில் கொந்தொர்சே, கணக்குப் புலி. பெண்களுக்கும் குடியுரிமை கொடு என்று 1790-இல் எழுதினார். கர்ப்பமும் உடம்பு உபாதையும் தடை என்றால், குளிர்காலம்தோறும் கீல்வாதத்தில் படுத்துவிடும் ஆண்களின் உரிமையை ஏன் பிடுங்கவில்லை என்பது அவர் கேள்வி. படித்த கனவான்களில் எத்தனை பேர் மேசைக்கடியில் கால் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார்களோ!

ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களுக்குப் பிடித்தவர் ரூசோதான். 1793 அக்டோபர் கடைசியில் பெண்கள் சங்கங்களுக்குத் தடை. பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜின் தலை நவம்பர் 3 அன்று விழுந்தது. கைது உத்தரவுக்குத் தப்பிய கொந்தொர்சேயை மாதக்கணக்காக ஒளித்து வைத்துச் சோறு போட்டவரும் ஒரு பெண்தான், விதவை மதாம் வெர்னே.

அந்த அம்மாளுக்கு ஆபத்து வருமென்று 1794 மார்ச்சில் வெளியேறினார். பசி. கிளமார் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆம்லெட் கேட்டார். எத்தனை முட்டை போட என்றார்கள். ஒரு டஜன் என்றாராம்! அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத பிரபு என்று கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்? பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிறையில் பிணமாகக் கிடந்தார்.

அதே வருஷம் அக்டோபரில் பாரிஸே ஊர்வலம் போயிற்று, ரூசோவின் எலும்புகளை தேசப் பெரியவர்களுக்கான பாந்தியோனில் வைக்க.