எறும்புக்குச் சாராயம் ஊத்தின பேங்க்காரர்

ஏலே பேராண்டி, பேங்கு வேலைய விட்டுட்டுப் புத்தகம் எழுதப் போறியாமே? மேசை வாங்கியாச்சு. லேப்டாப்பு வாங்கியாச்சு. எழுதச் சொல்லித்தர்ற வகுப்புக்குப் பணமும் கட்டியாச்சாம். இனி எழுதுறது ஒண்ணுதான் பாக்கி, என்ன?

லண்டன்ல ஜான் லப்பக்னு ஒருத்தர் இருந்தாரு. 1834ல பொறந்தவரு. சின்னப் பயலா இருக்கையில அப்பன் வந்து, "ஒனக்கு ஒரு நல்ல சேதி"ன்னாரு. பய மட்டக்குதிரை வருதுன்னு துள்ளுனான். வந்தது டார்வின். பக்கத்து ஊருக்குக் குடிவர்றாராம்! பய மொகம் தொங்கிப் போச்சு. பொறவு அந்த டார்வின்கிட்டதான் பூச்சி புழுவப் பாக்கப் படிச்சாரு.

14 வயசுல படிப்ப நிறுத்திக் குடும்பப் பேங்குல ஒக்கார வச்சிட்டாக. வேலைய விடல. 1865ல ஆதி மனுசனப் பத்திப் பெரிய புத்தகம் போட்டாரு. பழைய கற்காலம், புதிய கற்காலம்னு பள்ளிக்கூடத்துல உருப்போட்டியே, அப்பிடிக் கூறு பிரிச்சவரு அவருதான். ஏவ்பரிங்கிற ஊருல ஆதி மனுசன் நட்டுவச்ச கல்வட்டம் ஒண்ணு. அங்க மனை போடப் பாத்தானுக. கைக்காசப் போட்டு நெலத்தையே வாங்கிட்டாரு. 1871ல பார்லிமெண்டுல நின்னு, பேங்குக்கு லீவு விடச் சட்டமும் கொண்டாந்தாரு. கடை கண்ணியும் சேத்துச் சாத்துனாக. சனங்க சும்மா இருக்குமா? ஆகஸ்ட் லீவுக்குப் 'புனித லப்பக் திருநாள்'னு பேரு வச்சிட்டுது.

ஆனா மனுசன் அசல் கூத்து அடிச்சது எறும்புகிட்டதான். எறும்பச் சாராயத்துல முக்கி மயங்க வச்சு, புத்துக்காரங்க நடமாடுற எடத்துல போட்டுட்டுக் குந்திப் பாத்தாரு. வந்த எறும்புக்கு ஒண்ணும் புரியல. சொந்தப் புத்துக்காரன்னா பெரும்பாலும் தூக்கிட்டு வீட்டுக்குப் போச்சு. அசலூர்க்காரன்னா அநேகமா சுத்தியிருந்த தண்ணில தள்ளிட்டுது. நம்ம திருவிழா மாதிரிதாம்லே!

ஒரு கொறையும் இருக்கு. எறும்பப் பக்கத்துல குந்திப் பாத்த மனுசன், தூரதேசத்துச் சனங்கள அப்பிடிப் பாக்கல. கப்பக்காரனும் பாதிரியும் எழுதுனதப் படிச்சுட்டு, அவுகளக் காட்டுமிராண்டி வரிசையில நிறுத்திட்டாரு. அவுக வீட்டுத் திண்ணையில ஒரு நாள் கஞ்சி குடிச்சிருந்தா அப்பிடி எழுதியிருப்பாரா? எறும்பப் பத்தி அவரு எழுதுன புத்தகம் இன்னைக்கும் ருசிக்குது. அது கண்ணால பாத்தது. சனங்களப் பத்தி எழுதுனது காதால கேட்டது.

ஒனக்கு எது தோதுன்னு நீயே பாத்துக்கோ. நீ எழுதப்போறது கிராமத்து வாழ்க்கையாம்ல? மாட்டுக்கு முன்னங்கால் எதுன்னு தெரியுமா?

ஒண்ணு விட்டுட்டேன். லப்பக் 'வான்'னு ஒரு நாய் வளத்தாரு. அட்டையில சோறு, தண்ணி, டீன்னு எழுதிப் பழக்குனாரு. நாய்க்கு டீ வேணும்னா எந்திரிச்சுப் போயி, அந்த அட்டையக் கவ்விட்டு வந்து குடுக்கும். நீ அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டு ஆத்தாளுக்கு வாட்சப்பு போடுறியே!