ரோலர் கோஸ்டர் அறிவிப்பிலக்கணம்: தெல்தெனியப் பள்ளியின் நோக்கில்

கேளிக்கைப் பூங்காக்கள் தம் புதிய ரோலர் கோஸ்டரை உலகுக்கு அறிவிக்கும் முறை பற்றித் தமிழில் முறையான இலக்கணம் எழுதப்படாதிருப்பது பெருங்குறை. அக்குறையை நிரப்ப இக்கட்டுரை முற்படுகிறது. ‘முற்படுகிறது’ என்றுதான் எழுத வேண்டும். ‘நிரப்புகிறது’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையைத் திறந்துவிடுவார்.

ஆய்வுக் களம் தெல்தெனிய. கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், திகனைக்கு அப்பால் உள்ளது. அங்கே கேளிக்கைப் பூங்கா கிடையாது, ரோலர் கோஸ்டரும் கிடையாது. ஆதலால் ஆய்வாளரின் நடுநிலைமை கெட வாய்ப்பே இல்லை. கடற்கரைப் பக்கமே போகாமல் நெய்தல் திணையில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே நலமாக இருப்பதால், இதில் முறையியல் சிக்கல் எதுவும் எழாது.

அறிவிப்பு மூவகைப்படும்: நேரறிவிப்பு, ஒலிபெருக்கியறிவிப்பு, களவறிவிப்பு.

நேரறிவிப்பாவது, 1884இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் லமார்க்கஸ் தொம்சன் தம் சறுக்கு ரயிலைத் திறந்ததும், ஐந்து சதம் கொடுத்தவர்கள் ஏறியதுமாம். இதற்கு உரை தேவையில்லை.

ஒலிபெருக்கியறிவிப்பாவது, நம் ஊர்க் கார்னிவல்காரர் மரணக் கிணற்றுக்கும் ராட்டினத்துக்கும் செய்வது. முச்சக்கர வண்டிக் கூரையில் ஒலிபெருக்கி. அதில் ‘இன்றே கடைசி’ என்ற பதிவு. அது ஒரு கிழமைக்கு ஓடும்.

களவறிவிப்பே ஆய்வுக்குரியது. தொல்காப்பியர் களவியலை வகுத்தபோது இங்கிலாந்தின் ஸ்டஃபர்ட்ஷயரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவைத்தான் மனத்தில் கொண்டிருந்தார் என்று துணியலாம். காலம் பொருந்தவில்லையே என்பார்க்கு, தொல்காப்பியர் காலத்தை இதுவரை யார் பொருத்திக் காட்டினார் என்பதே விடை.

அப்பூங்கா தன் புதிய கோஸ்டரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘இரகசிய ஆயுதம்’ என்று குறிப்பெயரிட்டு, பக்கத்தில் ஓர் எண்ணைப் போடும். 1994இல் வந்த நெமெசிஸுக்கு மூன்று, 2010இல் வந்த தேர்ட்டீனுக்கு ஆறு, 2013இல் வந்த ஸ்மைலருக்கு ஏழு. தலைவி பெயரைச் சுட்டக்கூடாது என்ற அகத்திணை மரபு இங்கே பழுதின்றிக் காக்கப்படுகிறது. ஆனால் கட்டட அனுமதிக்கு உள்ளூராட்சி சபையில் வரைபடம் கொடுக்க வேண்டும். அதை யாரும் போய்ப் பார்க்கலாம். ஆகவே களவு என்பது எல்லோருக்கும் தெரிந்த களவு. சங்கப் பாடல்களிலும் நிலைமை இதுதான்.

அடுத்தது அம்பல். வரைபடம் பார்த்த இரண்டு மூன்று பேர் தமக்குள் முணுமுணுப்பர். தண்டவாளத் துண்டுகளை ஏற்றிய லொறி வந்ததும் அம்பல் அலராகும். வேலிக்கு வெளியே நின்று, துண்டு எந்த நிறம், எவ்வளவு வளைவு, அந்த வளைவுக்கு ஆள் தலைகீழாவானா என்று ஊரே பேசும். அம்பலுக்கும் அலருக்கும் எல்லை எது என்று உரைகள் பக்கக் கணக்கில் விவரிக்கின்றன. லொறிதான் எல்லை என்பது இக்கட்டுரையின் பங்களிப்பு (தெல்தெனியத் தேத்தண்ணிக் கடை, இடப்பக்க வாங்கு, வாய்மொழி).

பின்னர் தோழி அறத்தொடு நிற்பாள். தோழியாவாள் பூங்காவின் விளம்பரப் பிரிவு, செவிலி பத்திரிகைகள், நற்றாய் பங்குதாரர். தோழி செவிலியிடம் உள்ளதை அப்படியே சொல்வதில்லை. யானை துரத்தியது, தலைவன் வந்து காத்தான் என்று சுற்றிவளைப்பாள். தேர்ட்டீன் வருமுன் பதினாறு வயதுக்குக் கீழும் ஐம்பத்தைந்துக்கு மேலும் உள்ளோரை ஏற்றமாட்டோம் என்று பரப்பினார்களே, அது இந்த யானை. திறந்த பின் பார்த்தால் 1.2 மீற்றர் உயரமுள்ள பிள்ளை தாராளமாக ஏறலாம். யானைக்கு எட்டு வயது.

மடலேறுதல் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கோஸ்டரை ஆட்களோடு ஓட்டுமுன் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை இருக்கைகளில் கட்டி ஓட்டுவார்கள். தலைவன் ஊர் நடுவே பனைமடற் குதிரையில் நாணமின்றி வருவதற்கு இது நிகர் என்பது எம் கொள்கை. பொம்மைகள் எருக்கமாலை சூடவில்லை, ஆகவே இது மடலன்று என்போர் உளர். (மகியங்கனை பஸ், பின்னிருக்கை, நீலப்பேனைச் சாசனம், வரி 1 காண்க. அங்கே ஓர் இதயமும் அம்பும் தெளிவாக உள, எருக்கு இல்லை.) அறத்தொடு நிற்குமுன்பே தொடக்கத் திகதி சுவரொட்டியில் வந்துவிட்ட இடங்களில் வரிசை குழம்பும். அஞ்ச வேண்டாம். நச்சினார்க்கினியர் காட்டிய வழி இருக்கிறது. அங்கே கிடக்கும் அடியைக் கழற்றி இங்கே மாட்டிக்கொள்ளலாம்.

கைக்கிளையாவது, 2014இல் ஒர்லாண்டோவில் அறிவிக்கப்பட்டுக் கட்டப்படாமலே போன ‘ஸ்கைஸ்கிரேப்பர்’.

இனி அடைமொழி. அறிவிப்பின் உயிர் ‘முதல்’ என்ற சொல். முதலாவதாக இல்லாதது முதலாவதாகும் வரை அடைமொழிகளைச் சேர்த்துக்கொண்டே போவது விதி. உலகில் முதல் என்றால் எவனோ முந்தியிருப்பான். நாட்டில் முதல், இவ்வகையில் முதல், கால் தொங்க முதல், பின்னோக்கி முதல் என்று வட்டத்தைச் சுருக்கினால் கடைசியில் உள்ளே நாம் மட்டும் நிற்போம். சில ஆய்வேட்டுத் தலைப்புகள் நாலு வரி நீளுவதன் காரணமும் இதுவே. அடைமொழிக்குள் ஒளிந்திருப்பதையும் பார்க்க வேண்டும். 1998இல் அதே ஆல்டன் டவர்ஸ் ‘உலகின் முதல் செங்குத்து வீழ்ச்சி’ என்று ஒப்லிவியனை அறிவித்தது. வீழ்ச்சியின் கோணம் 87.5 பாகை. குறைந்த இரண்டரைப் பாகையை விளம்பரப் பிரிவு தன் கையிலிருந்து போட்டது.

வகைப்பெயரை நாமே படைத்துவிடுவது இன்னும் வசதி. 200 அடிக்கு மேல் ஹைப்பர், 300க்கு மேல் கீகா, 400க்கு மேல் ஸ்ட்ராட்டா. ஒஹையோவின் சீடார் பொயின்ட் பூங்காவில் 1989இல் மேக்னம் 205 அடி, 2000இல் மில்லெனியம் ஃபோர்ஸ் 310 அடி, 2003இல் டொப் திரில் டிராக்ஸ்டர் 420 அடி. கீகா என்ற பெயரே அந்தப் பூங்காவும் கட்டுநரும் மில்லெனியம் ஃபோர்ஸுக்காகச் சூட்டியது. அந்த வகையில் அதுவே முதலிடம் பெற்றது. புதுக் கோட்பாடொன்றுக்குப் பெயர் வைத்து, அதன் தலைசிறந்த அறிஞர் தாமே என்று தெரிந்து வியந்த பேராசிரியர்களை நாம் அறிவோம்.

இவ்விடத்தில் ஆய்வாளர் அளவுநாடாவை எடுத்தார். 400 அடி என்பது 121.92 மீற்றர். தெல்தெனியவை மூழ்கடித்த விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். எட்டு சென்ரிமீற்றர் கூடுதல். ஆகவே விக்டோரியா அணை ஐயத்துக்கிடமின்றி ஸ்ட்ராட்டா வகையைச் சேர்ந்தது. அறிவிப்பிலும் குறையில்லை. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரே வந்து, ஜே.ஆர். ஜயவர்தனவோடு நின்று திறந்து வைத்தார். எந்தக் கோஸ்டருக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது? தண்டவாளம் எங்கே, பெட்டி எங்கே என்ற கேள்வி எழலாம். பெட்டி பழைய தெல்தெனிய. நீர்த்தேக்கம் நிறைந்தபோது கடையும் வீதியுமாக ஊர் கீழே போயிற்று. மக்கள் மேட்டில் கட்டிய புதிய நகருக்கு ஏறினார்கள். கடும் வரட்சி வந்தால் பழைய ஊரின் இடிபாடுகள் மறுபடி மேலே தலைகாட்டும், மழை வந்ததும் இறங்கிவிடும். ஏறி இறங்குவது கோஸ்டரின் இலக்கணம் என்றால் இதைவிட நீண்ட சுற்று உலகில் இல்லை.

சவுதி அரேபியாவின் கித்தியாவுக்கு அறிவிக்கப்பட்ட ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டை எடுத்துக்காட்டி மறுப்பார்கள். 195 மீற்றர், மணிக்கு 250 கிலோமீற்றர் என்பது அறிவிப்பு. ஆனால் அதன் பாதை ஒரு செங்குத்து மலைச்சரிவில் இறங்குகிறது. மலையையும் கணக்கில் சேர்க்கலாம் என்று அவர்களே கதவைத் திறந்தபின் நாம் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? உடுதும்பறைக்கு அப்பால் ஹசலக்கவை நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவைச் சேர்த்துக்கொண்டால் போயிற்று. அங்கே இறக்கம் சில நூறு மீற்றர்.

அந்தப் பாதையில் தனியார் பஸ்ஸில் போனவர்கள் சாட்சி. முதல் வளைவுக்கு முன்பே யாரோ ஒரு அம்மா மடியிலிருந்து சித்தாலேபைப் புட்டியை எடுத்து மூக்கடியில் தடவுவார். இன்னொருவர் தேசிக்காயைக் கிள்ளி முகர்வார். பின்னால் ஒரு பொடியன் சொப்பிங் பேக்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருப்பான். “பயப்பட வேணாம் அம்மா, ரைவர் இந்தப் பாதையில பழக்கமான ஆள்” என்று கொண்டக்டர் சொல்வதுதான் பாதுகாப்பு அறிவிப்பு. உயரக் கட்டுப்பாடு கிடையாது. உயரமானவன் கூரையில் தலை இடித்துக்கொள்வான், அவ்வளவே. (மேற்படி பஸ், மேற்படி இருக்கை, நீலப்பேனைச் சாசனம், வரி 2, ஏழாம் வளைவில் எழுதப்பட்டதால் கோணலானது. அதன்மேல் கறுப்புப் பேனையில் ஒரு பாடபேதம் உண்டு. அது பிற்கால இடைச்செருகல். மூன்றாம் வரியைச் செல்லரிக்கவில்லை, ஒருவர் சீட்டு ஒட்டிவிட்டார். சீட்டை உரித்துப் பதிப்பித்தால் இதுவரை வந்த கருத்துகளெல்லாம் மாறக்கூடும் என்பதால் உரிக்கவில்லை.)

2025 டிசம்பரில் சென்னைக்கருகே திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா பூங்கா திறந்தபோது, தலைக்கு மேலே தண்டவாளமும் கீழே தொங்கும் காலுமாக ஓடும் தன் கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர் வைத்தது. செய்தவர்கள் சுவிற்சர்லாந்தின் பொலிகர் அன்ட் மபிலார்ட் நிறுவனத்தார். சுவிஸ் இரும்பு தஞ்சாவூர்ப் பெயரோடு வரலாமென்றால், தெல்தெனியவின் அறிவிப்பை நாமும் வரைந்து வைப்பதில் தடையில்லை. மேலே கண்ட விதிகளின்படி அமைந்த வரைவு வருமாறு:

‘இலங்கையிலேயே, மத்திய மாகாணத்திலேயே, ஏ26 வீதியிலேயே, நீருக்கடியில் பழைய நகரும் நீருக்கு மேலே புதிய நகரும் உடையதும், பிரித்தானியப் பிரதமரால் திறக்கப்பட்டதும், தேசிக்காயோடு ஏறத்தக்கதுமான முதலாவது ஸ்ட்ராட்டா கோஸ்டர். கட்டணம்: கொண்டக்டர் சொல்வது. மீதிச் சில்லறை: இறங்கும்போது. தொடக்கத் திகதி: பின்னர் அறிவிக்கப்படும். இடம்: நீர்மட்டத்தைப் பொறுத்தது.’