102 சென்டிமீட்டர்: சிறு பிள்ளைகளோடு சென்டோசா செல்வது குறித்த ஆய்வு

சிறு பிள்ளைகளை வெளிநாட்டுத் தீம் பார்க்குக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தை இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன: பிள்ளையின் வயது, பிள்ளையின் உயரம். விமானக் கட்டணம், ஹோட்டல் வாடகை, சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று மதிப்பு என்று குடும்பங்கள் நள்ளிரவு வரை விவாதிப்பவை எல்லாம் இவ்விரண்டுக்கும் பின்னால் வருபவை. வயது செலவை நிர்ணயிக்கிறது. உயரம் அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கும் என்பதை நிர்ணயிக்கிறது. வயது குறைவாகவும் உயரம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது பெற்றோர் தரப்பு. இயற்கை இரண்டையும் ஒரே நேரத்தில் வளர்க்கிறது. இத்துறையின் ஏனைய சிக்கல்கள் இந்த ஒரு முரணின் கிளைகள்.

ஆய்வுக்களம் சிங்கப்பூரின் சென்டோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ். புறப்படும் இடம் சென்னை. 1983இல் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலேண்டும் 2005இல் வந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டும் ஆசியாவிலேயே இருப்பவைதாம். ஆனால் சிங்கப்பூர் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடியது. அறிவிப்புப் பலகைகளில் தமிழ் உண்டு. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ கட்டாயம் இருப்பார். 2010இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா ஏறக்குறைய 20 ஹெக்டேர்தான். ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று டூர் ஏஜென்ட் சொல்வார். அவர் பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை.

முதலில் வயது. தமிழகப் பெற்றோர் இத்துறைக்குப் பயிற்சி இல்லாமல் வருபவர்கள் அல்லர். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை கட்டணம் இல்லை. ரயிலிலும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ஐந்து வயதுக்குட்பட்டவர்க்குக் கட்டணம் இல்லை. ஆகவே நடத்துநரோ டிக்கெட் பரிசோதகரோ நெருங்கும்போது ஆறு வயதுப் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் வித்தை பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. விமானத்தில் எல்லைக்கோடு இரண்டு வயது. அதற்குக் கீழே மடி இருக்கை. பல நிறுவனங்களில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போலக் கேட்கிறார்கள். பூங்காவில் நான்கு வயதுக்குட்பட்டவர்க்கு நுழைவுச்சீட்டே தேவையில்லை. நான்கு முதல் பன்னிரண்டு வரை சிறுவர் சீட்டு. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் மட்டும் வேறு வழியில் சிந்திக்கிறது: பெரியவரோடு வரும் பிள்ளை 90 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கட்டணம் இல்லை.

வெளிநாட்டில் மடி வித்தை செல்லுபடியாவதில்லை. பிறந்த தேதி பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிறது. அதைப் பாட்டியே வந்து சாட்சி சொன்னாலும் மாற்ற முடியாது. பெற்றோர் கைவைக்கத் துணியும் ஒரே எண் உயரம்தான்.

பூங்காவின் பல ரைடுகளின் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கிறது. மரங்களுக்கு மேலே தொங்கியபடி சுற்றும் கனோப்பி ஃப்ளையருக்கு 92 சென்டிமீட்டர், டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் ஆற்றுச் சுழலுக்கு 107, இருட்டில் பாயும் மம்மிக்கு 122, நீலமும் சிவப்புமாக இரண்டு தண்டவாளங்களில் எதிரெதிரே விரையும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. இவற்றை உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த அளவுகளுக்கான ஆறு களங்களில் தில்லியும் ஒன்று என்பதால், அவை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு என்று ஒதுக்க வழியில்லை. அதன்படி மூன்று வயது முடியும்போது ஆண்குழந்தையின் நடுமதிப்பு உயரம் 96.1 சென்டிமீட்டர்; நான்கு முடியும்போது 103.3. பெண்குழந்தைக்கு 95.1, 102.7.

இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வியப்பான ஒன்று தெரியவருகிறது. 102 சென்டிமீட்டரைப் பிள்ளை தொடுவது நான்காம் பிறந்த நாளுக்குச் சற்று முன்னால். நுழைவுச்சீட்டு இலவசமாக இருப்பது அந்தப் பிறந்த நாள் வரை. எனவே இலவசமாக உள்ளே போய், டிரான்ஸ்ஃபார்மர்ஸிலும் ஏறத்தக்க நிலையில் ஒரு சராசரிப் பிள்ளை இருப்பது அதன் வாழ்நாளில் சில வாரங்களே. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பவர்கள் இந்த முகூர்த்தத்தையும் குறித்து வைக்கலாம். இதற்குப் பின் எல்லாம் நஷ்டக் கணக்கு: நான்கு வயது முடிந்ததும் சிறுவர் சீட்டுக்கு முழுத் தொகை, ஆனால் மம்மியில் ஏற ஏழு வயது தாண்ட வேண்டும், கலாக்டிகாவில் ஏற ஏழரை. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகள் பிள்ளை காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிறது.

எனவேதான் அளவுகோலின் அருகே உலகெங்கும் ஒரே காட்சி. தடித்த அடிப்பாகமுள்ள ஷூ முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கும். உச்சிக்கொண்டை சற்று உயர்த்திப் போடப்பட்டிருக்கும். குறுக்குச் சட்டம் கொண்டையை அமுக்கும் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. ஊரில் பேருந்தில் "குனிஞ்சு உக்காரு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, இங்கே "நல்லா நிமிர்ந்து நில்லு கண்ணு" என்பதைக் கேட்டுத் திகைக்கிறது. பணியாளர் புன்னகையோடு மறுக்கிறார். இங்கே அவர் சொல்வதே சரி: அந்த அளவு, இருக்கையைப் பூட்டும் சட்டம் உடலின் எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பொறுத்து வகுக்கப்பட்டது, வாதாடினால் குறைவதில்லை.

ஒரு பிள்ளைக்கே இவ்வளவு என்றால் இரண்டு பிள்ளைகள் என்பது தனித் துறை. நான்கு வயதும் எட்டு வயதும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொண்டால், மூத்ததற்குப் பொருந்தும் ரைடில் இளையதற்கு இடமில்லை. இளையது ஏறும் ரைடு மூத்ததற்கு அவமானம். பூங்காக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: ஒரு பெற்றோர் ஏறும்போது மற்றவர் சின்னப் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். ஏற்பாடு நியாயமானது. விளைவு, ஒன்றாக இருப்பதற்காகக் கடல் கடந்து வந்த குடும்பம் பகல் முழுதும் இரண்டாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் வாட்ஸப்பில் தேடுகிறது.

மூன்றாவது பெரியவர் இருந்தால் நிலைமை தெளிகிறது. தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்வது பாசத்தின் பாற்பட்டது என்று வெளியில் சொல்லப்படும். ஆய்வு நோக்கில் அவர் பைகளுக்கும் ஸ்ட்ரோலருக்கும் தூங்கிவிட்ட பிள்ளைக்கும் காவல். அறுபது கடந்தவர்க்குச் சலுகைச் சீட்டு உண்டு. ஹாலிவுட் பகுதியின் வீதிக்கு மேலே கூரை இருப்பதால் முட்டிவலிக்காரர் வெயிலும் மழையும் படாமல் அங்கே அமர்ந்திருக்கலாம். நாளின் முடிவில் பூங்காவைப் பற்றித் தெளிவாக விவரிக்கக்கூடியவர் பெரும்பாலும் இவர் ஒருவரே. யார் எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது வரை அவரிடம் தகவல் இருக்கும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை கடினமானது புகைப்படம் மட்டும். வெள்ளைப் பின்னணி, திறந்த கண், மூடிய வாய், சிரிப்போ அழுகையோ இல்லாத முகம் ஆகிய நான்கும் ஒரு கைக்குழந்தையிடம் ஒரே கணத்தில் அமைவது கிரகணத்தைப் போல அரிது. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், ஆறு மாதத்தில் எடுத்த மொட்டைத் தலைப் படத்தைக் காட்டிக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குடிநுழைவு அதிகாரியின் முன் நிற்க நேர்கிறது. வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய மின்னணு வருகை அட்டை, எழுதப் படிக்கத் தெரியாத கைக்குழந்தைக்கும் தனியாகத் தேவை.

எப்போது போவது என்பதில் தமிழகக் குடும்பங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வு விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் வருகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடு ஆண்டு விடுமுறையோ மே கடைசியில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட வாரநாள்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்கள். மே தினத்தையும் விசாக தினத்தையும் விலக்கினால் வரிசை குறையும். டிசம்பரில் இந்த அனுகூலம் இல்லை. அப்போது இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நிற்பார்கள். ஏப்ரல், மே மாதங்களுக்கும் ஒரு குறை உண்டு. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிற்பகலில் இடிமழை வழக்கம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நனைவதற்கென்றே அமைக்கப்பட்ட ஆற்றுச் சுழலை மழைக்காக மூடுவது ஏன் என்று பிள்ளை கேட்கும். மின்னல் பற்றிய விளக்கம் அப்போது எடுபடாது.

நேர வேறுபாடு இரண்டரை மணிதான் என்று பெரியவர்கள் அலட்சியப்படுத்துவர். சென்னையில் ஒன்பது மணிக்குத் தூங்கும் பிள்ளை சிங்கப்பூரில் பதினொன்றரைக்குத் தூங்கும். ஏழு மணிக்கு விழிப்பது ஒன்பதரைக்கு விழிக்கும். பூங்கா பத்து மணி வாக்கில் திறக்கிறது. ஹோட்டலின் காலை உணவும் அதை ஒட்டியே முடிகிறது. மதியம் ஒன்றரைக்கு வரவேண்டிய தூக்கம் நான்கு மணிக்கு வருகிறது. இடிமழையும் அப்போதுதான் வருகிறது. இதை ஒரு பேறாகவே கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய இடர் வந்திறங்கும் நாள். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானம் விடியும் வேளையில் சாங்கி விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறது. ஹோட்டல் அறையோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இடையில் அந்தக் குடும்பம் வீடில்லாதது. சித்தப்பாவின் உண்மையான மதிப்பு இந்த எட்டு மணி நேரத்தில் புலப்படுகிறது.

வரிசை பற்றிய அறிவியல் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து அதற்கு அடித்தளமிட்டார். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது: மணிக்கு 1,200 பேரை ஏற்றி இறக்கும் ரைடின் முன்னால் 900 பேர் நின்றால் காத்திருப்பு 45 நிமிடம். டேவிட் மைஸ்டர் 1985இல் காத்திருப்பின் உளவியலை எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும் என்பது அவர் கூற்று. வரிசைப் பாதை நெடுகத் திரைகளும் சிலைகளும் வைக்கப்படுவது இதனால்தான். ஆனால் மூவரும் ஒரு மாறியை விட்டுவிட்டனர். நான்கு வயதுப் பிள்ளைக்கு "ஒண்ணுக்கு வருது" என்ற உணர்வு வரிசையில் நுழையுமுன் ஒருபோதும் தோன்றாது. 900 பேரில் 700 பேர் முன்னேறிய பின்பே தோன்றும். பணம் கூடுதலாகக் கட்டினால் எக்ஸ்பிரஸ் சீட்டில் வரிசையைத் தாண்டலாம். கழிவறைக்கு எக்ஸ்பிரஸ் சீட்டு இல்லை.

உணவில் அதிகம் ஆராய ஏதுமில்லை. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலெக்ட்ரிக் கெட்டில் மூன்றும் எந்தப் பெட்டியிலும் இருப்பவை. வெளி உணவைப் பூங்காவுக்குள் அனுமதிப்பதில்லை, கைக்குழந்தை உணவு விதிவிலக்கு. தயிர்ச்சாதம் எந்த வயது வரை கைக்குழந்தை உணவு என்பது வாசலில் தீர்மானிக்கப்படும். மாலையில் சென்டோசா எக்ஸ்பிரஸில் ஏறி விவோசிட்டி வந்து, கீழே ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்தில் ஊதா வழித்தட ரயில் பிடித்தால், இடையில் மாறாமல் ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. 1947 முதல் இயங்கும் கோமளவிலாஸ் அங்கிருந்து நடக்கும் தூரம். நாள் முழுதும் எதையும் சாப்பிடாத பிள்ளை அங்கே இரண்டு தோசை கேட்கும்.

இந்தச் செலவில் பிள்ளைக்கு என்ன நினைவில் நிற்கும் என்பது தனிக் கேள்வி. பெரியவர்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதாக இருக்கிறது. அதற்கு முந்தைய வெறுமையைச் சிக்மண்ட் ஃபிராய்டு பேசிய காலத்திலிருந்தே உளவியலார் ஆராய்ந்து வருகின்றனர். பிள்ளைகள் அந்த வயது நிகழ்வுகளைச் சில ஆண்டுகள் நினைவில் வைத்திருந்து, எட்டு, ஒன்பது வயதுக்குள் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றனர். நான்கு வயதுக்குட்பட்டவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்காத நிர்வாகத்தின் நேர்மையை இந்த ஒளியில் பார்க்க வேண்டும். மறக்கப்போகிறவரிடம் அது காசு வாங்குவதில்லை. நினைவு நிற்பது போட்டோவில். அதுவும் சின்னப் பிள்ளை ஸ்ட்ரோலரில் தலை சாய்ந்து தூங்க, பின்னால் பூங்கா வாசலின் உலக உருண்டை சுழலும் படத்தில்.

பல ரைடுகளின் வெளியேறும் வழி ஒரு கடைக்குள் திறக்கிறது. இளைய பிள்ளை ரைடில் ஏற முடியாமல் போன ஏமாற்றம் இங்கே பொம்மையாக ஈடுசெய்யப்படும். பொம்மையின் அளவு, தவறிய சென்டிமீட்டர்களுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. பஞ்சு அடைத்த மினியன் எடையில் சொற்பம், பருமனில் பெட்டியை விடப் பெரிது. லிட்டில் இந்தியாவின் முஸ்தபா சென்டர் கடையில் வாங்கிய சாக்லேட்டும் தைலமும் ஏற்கெனவே பெட்டிகளை நிரப்பியிருக்கும். ஆகவே திரும்பும் இரவில் தூங்கும் பிள்ளையை அப்பாவும் பொம்மையை அம்மாவும் சுமந்து ஏறுகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்டவரைப் போல அதற்கும் மடியில்தான் இடம். பத்தில் ஒரு பங்கு கட்டணத்தை மட்டும் எந்த விமான நிறுவனமும் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.