பழைய எண், புதிய எண்

“டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?” என்று கணினி கேட்கிறதே, அதிலுள்ள பணிவுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. பத்து வருடக் கல்யாணப் படங்களை அழிக்க இவ்வளவு மரியாதை எதற்கு? 3 டெராபைட் டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி நேராக மதர்போர்டில் சொருகுகிறவர்களுக்கு இது பழகிய கேள்வி. டிஸ்க்கில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது. மருந்து சுலபம், கடைசியில் சொல்கிறேன். முதலில் குற்றவாளி யாரென்று தெரியட்டும்.

பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண் எழுத 32 பிட்தான் இடம். செக்டருக்கு 512 பைட் என்றால் 2.2 டெராபைட்டோடு கணக்கு தீர்ந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியையும் திருப்திப்படுத்த வேண்டுமே என்று சில பெட்டிகளின் சிப், எட்டு செக்டரை ஒன்றாகக் கட்டி, “இது 4096 பைட் செக்டர்” என்று சொல்லிவைத்தது. 1 எம்பி தள்ளித் தொடங்கும் பார்ட்டிஷன், அட்டவணையில் 256-ஆம் செக்டர் என்று பதிவானது. பெட்டி போனதும் கணினி அதே 256-ஐ 512-ஆல் பெருக்கி, 128 கேபியில் போய் நிற்கிறது. அங்கே வெறும் பொட்டல். நம் தெருக்களின் பழைய எண், புதிய எண் கூத்தேதான். ஆனால் கூரியர் பையன் என்ன செய்கிறான்? போன் போட்டு “சார், எந்த வீடு?” என்கிறான். இஸ்திரி வண்டிக்காரரை விசாரிக்கிறான். மிஞ்சிப்போனால் “வீடு பூட்டியிருக்கிறது” என்று பொய் எழுதிவிட்டுப் பார்சலோடு திரும்புகிறான். காலி மனையைப் பார்த்து, “வீடு இடிந்துவிட்டது, தெரு முழுவதையும் புல்டோசர் விட்டுச் சமன் செய்யட்டுமா, சார்?” என்று எந்தக் கூரியர் பையனும் கேட்டதில்லை. அப்படியே கேட்டாலும், ‘குவிக் ஃபார்மேட்’ கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்துக்கொண்டு வந்து நிற்கமாட்டான்.

“டிஸ்க் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தால்?” என்பார்கள். அப்போதும் ‘எனக்குப் படிக்க வரவில்லை’ என்பதுதான் உண்மை. ‘கெட்டுப்போனது’ என்பது தீர்ப்பு. சாகிற டிஸ்க்குக்கு ஃபார்மேட் வைத்தியமும் ஆகாது. “எண் கணக்கு மாறியது கணினிக்கு எப்படித் தெரியும்?” என்பது அடுத்த கேள்வி. 256-ஐ ஒருமுறை 4096-ஆல் பெருக்கிப் பார்த்தால், அங்கே என்டிஎஃப்எஸ் என்ற பெயர்ப்பலகை தொங்குவது தெரியும். செக்டர் அளவை மாற்றிச் சொன்னால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள்கூடத் தேடிப்பார்க்கிறது. நொடிக்குக் கோடி பெருக்கல் போடும் இயந்திரத்துக்கு இந்த ஒன்றில்தான் சோம்பல். சரி, அந்த மருந்து: டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே திரும்ப மாட்டுங்கள், எல்லாம் வந்துவிடும். பெட்டியா? அதைத்தான் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்றே!