அயலூர் அன்றாடம் காண்போர்: ஒரு பகுப்பிலக்கணம்

பாயிரம்

மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி என்று தொடங்கி ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி வரை பகுத்து வைத்துவிட்டுப் போனார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். வெளிநாட்டுப் பயணிகளைப் பகுக்கும் வேலை அவருக்கு வரவில்லை. அவர் காலத்தில் அந்த இனம் இவ்வளவு பெருகவில்லை. இன்று பெருகியிருக்கிறது. அதிலும் கோட்டை, கோபுரம், அருங்காட்சியகம் பார்த்து வருவது பழைய பாணியாகிவிட்டது. “அந்த ஊர்க்காரங்க மாதிரியே வாழ்ந்து பார்த்தோம்” என்பதே இன்றைய பெருமை. ‘போகாதீர்கள், அங்கே வாழுங்கள்’ என்ற பொருளில் ஏர்பிஎன்பி நிறுவனம் 2016-இல் விளம்பரம் செய்தபின் இந்த ஆசைக்கு ஒரு நாள் வாடகையும் நிர்ணயமாகிவிட்டது. ஆகவே இலக்கணம் வகுத்தல் கடமையாயிற்று.

களம்

ஆய்வுக்களம் தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம். வராக நதிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். இங்கிருந்து வெளிநாடு போகிறவர் பெரும்பாலும் வேலைக்கோ படிப்புக்கோ மகள் பேறுகாலத்துக்கோ போகிறவர். வேடிக்கை பார்க்கப் போகிறவர் சிறுபான்மை. ஆனால் யார் போனாலும் திரும்பி வந்ததும் டீக்கடை பெஞ்சில் விசாரணை உண்டு. கேள்விகள் மூன்றே: “அங்கிட்டு மழை தண்ணி எப்படி? ஆள் கூலி என்ன? பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி?” உலகப் பல்கலைக்கழகங்கள் எவையும் இதைவிடக் கூரிய அளவுகோலைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இந்நூல் அதனையே கைக்கொள்கிறது.

வரையறை

உள்ளூர்க்காரர் எதை நின்று வேடிக்கை பார்க்கமாட்டாரோ அதுவே அன்றாடம். இதிலிருந்து ஒரு கிளைவிதி பிறக்கும்: பார்க்கக் கூட்டம் வந்ததும் அன்றாடம் கெடும்.

எடுத்துக்காட்டு: ஜப்பானின் புஜிகவாகுச்சிகோ ஊரில் லாசன் என்ற பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் புஜி மலை தெரிகிறது என்று உலகமே வந்து நின்று படமெடுத்தது. பாலும் ரொட்டியும் வாங்க வந்தவருக்கு வழியில்லை. 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் எதிர்ச்சாரியில் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டி மலையை மறைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பார்சிலோனாக்காரர்கள், உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். வீட்டு வாடகை ஏறிய கோபம் அது. அன்றாடம் காண வந்தவர்கள் அன்றைக்கு அதை நனைந்தபடி கண்டார்கள்.

இதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் டீன் மெக்கனல் 1973-இலேயே உரை எழுதிவிட்டார். பயணி வீட்டின் பின்கட்டைத் தேடி வருகிறார். அது தெரிந்த வீட்டுக்காரர் பின்கட்டைப் போலவே இன்னொரு முன்கட்டை அலங்கரித்து வைக்கிறார் என்பது அதன் சாரம்.

வகை

முதலாமவர் நாவினர். தெருச்சாப்பாடு சாப்பிட்டால் ஊரையே விழுங்கியதாகக் கொள்பவர். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததிலிருந்து இவர்கள் அங்கே திரள்கிறார்கள். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடித்த நம்மவருக்கு இது சொல்லாமலே விளங்கவேண்டும். நாவினரோ பாக்கெட்டை நகர்த்திவிட்டு உட்காருவார். சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் திருப்பி வைப்பது 2021 முதல் அங்கே சட்டம். தின்றவர் விருந்தாளி, தட்டை எடுத்து வைத்தவரே ஊர்க்காரர். இவருள் ஓர் உட்பிரிவு, பையில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோய், அயல் உணவைப் படம் மட்டும் எடுத்துக்கொள்பவர்.

இரண்டாமவர் கண்ணர். மீன் விற்கும் கிழவியை மூன்று கோணத்தில் எடுப்பார், மீன் வாங்கமாட்டார். கூலி என்ன என்ற கேள்விக்கு இவரிடம் வெளிச்சம் பற்றிய பதில் கிடைக்கும்.

மூன்றாமவர் குடிபுகுந்தோர். ஜெர்மனியில் ஒரு குடியிருப்பை நான்கு நாளுக்கு எடுத்துக்கொண்டு, சாவி கைக்கு வந்ததுமே குடியுரிமை வந்ததாக நினைப்பவர். ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்குச் சட்டப்படி விடுமுறை என்பது அன்று காலை பால் தேடும்போதுதான் தெரியும். காகிதத்துக்கு ஒரு தொட்டி, கண்ணாடிக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு வேறொன்று என்பது கடைசி நாள் தெரியும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து செண்ட் வரை கிடைக்கும் என்பது ஊர் திரும்பிய பின் தெரியும். ஆனாலும் இவ்வகையார் தேறக்கூடியவர். இடர்ப்பட்ட அளவுக்கு இவர்களுக்கு ஊர் புலப்படுகிறது.

நான்காமவர் ஒப்பர். “நம்ம ஊர்ல இது பத்து ரூபாய்” என்பது இவர் மூச்சு. இவர் உடலால் பாரிஸிலும் கணக்கால் பெரியகுளம் பேருந்து நிலையத்திலும் இருப்பவர். ஆதலின் பயணி என்ற பெயருக்கே உரியவரா என்பது உரையாசிரியர்களிடையே வழக்கு.

ஐந்தாமவர் வினைமேற் சென்றோர். சிங்கப்பூர்க் கட்டுமானத்திலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையே திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. நாவினர் அதே வெயிலைக் குளிர்பதனக் காரிலிருந்து பார்த்திருப்பார். இவர் அதை முதுகால் அறிந்தவர். ஞாயிறன்று சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எந்தக் கடையிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பலாம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் உடனே சொல்வார். மூன்று கேள்விக்கும் இவரிடம் பதில் உண்டு. ‘அனுபவம்’ என்ற பேச்சு மட்டும் இராது. பெஞ்சில் மிகக் குறைவாகப் பேசுபவரும் இவரே.

ஆறாமவர் பேறுகாலத் தாயர். இவரே தலை. ஆறு மாதம் தங்க விசா, வடுகபட்டிச் சந்தைப் பூண்டில் கிண்டிய லேகியம், பிள்ளைக்கு உரைமருந்து. இவை இவர் தளவாடங்கள். நியூஜெர்சிக்குப் போவார், சுதந்திர தேவி சிலையைக் காரில் இருந்தபடி ஒருதரம் பார்ப்பார். ஆனால் கடுகு வெடித்தால் புகைமணி அலறும், ஆகவே முதலில் சன்னலைத் திற என்பது முதல் வாரத்தில் பாடமாகிவிடும். எந்தக் கிழமை எந்தக் குப்பை வண்டி வரும் என்று மருமகனுக்கு நினைவூட்டுபவர் இவர். பூங்கா பெஞ்சில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சீனத்துப் பாட்டியோடும் குஜராத்திப் பாட்டியோடும் ஒரு மொழியும் இல்லாமல் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். மூன்றாவது கேள்விக்கு, “பாவம், அந்த அம்மாவுக்கும் மக வீடுதான். மருமகன் பேசுறதில்லையாம்” என்று இவர் சொல்லும் விடை, எந்தப் பயண நூலிலும் அச்சேறாதது.

மறுதலை

ஊரார் அயலூர் சென்றதற்கு வகுத்த இலக்கணம் அயலார் நம் பக்கம் வந்ததற்கும் பொருந்தவேண்டும். மதுரையிலிருந்து தேக்கடி போகும் வெளிநாட்டார் கார்கள் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களருகே நிற்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைச் சுவைப்பார்கள், அவர்கள் நாவினர். நடவுப் பெண்களைப் படமெடுப்பார்கள், கண்ணர். சிலர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி ஒரு பிடி நாற்று நடுவார்கள். கார் போன பிறகு அந்த வரிசையைப் பிடுங்கித் திரும்ப நடவேண்டியிருக்கும். அதற்குத் தனிக்கூலி இல்லை.

ஆனால் ஒரு வெள்ளைக்காரர் இங்கே ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். புணேயில் 1841 ஜனவரி 15-இல் பிறந்த ஜான் பென்னிகுவிக். 1895-இல் பெரியாறு அணையை முடித்துத் தண்ணீரைக் கிழக்கே இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார். பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் இடுகிறார்கள். அவர் இங்கே வாழ்ந்து பார்க்க வரவில்லை, வேலையாக வந்தார்.

புறனடை

இங்கிருந்து வேலையாகப் போன எதிர்த்திசைக்கும் சான்று உண்டு. 1940-இல் காந்தி ஆவணப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியார், படச்சுருள் தேடி நாடு நாடாகச் சுற்றியவர். கதவுகளைத் தட்ட அவருக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தோடு தட்டியவருக்கே பின்கட்டுக் கதவு திறக்கும். வேடிக்கை பார்க்க வந்தவரை எந்த ஊரும் முன்கட்டிலேயே உட்கார வைத்து உபசரித்து அனுப்பிவிடும். அதில் ஊரின் குற்றம் எதுவுமில்லை.

ஆகவே முடிபு: அன்றாடம் என்பது கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாது; கடமைக்கு அகப்படும். வெளிநாடு போகும் வாசகர் அங்கே ஒரு சின்ன வேலையையாவது தலையில் போட்டுக்கொள்ளவும். ஒன்றும் வாய்க்கவில்லையென்றால், தங்கிய வீட்டுக் குப்பையை உரிய கிழமையில் உரிய தொட்டியில் போட்டுவிட்டு வரவும். பார்க்காமல் விட்ட கோட்டை அடுத்த முறையும் அங்கேயேதான் இருக்கும்.