ஒத்திக்கு ஒரு கார்

திண்டுக்கல்லில் எங்கள் சந்து தொடங்கும் இடத்தில் ஏழடி அகலம். உள்ளே வர வர, ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசற்படியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக் கட்டியதில், எங்கள் வீட்டை நெருங்கும்போது அது ஐந்தே முக்கால் அடியாக மெலிந்துவிடும். ஆகவே என்ன கார் என்பதை நானோ என் மனைவியோ முடிவு செய்யவில்லை. நான்காம் வீட்டு வாசற்படி முடிவு செய்தது. ஆல்டோ கே10-இன் அகலம் 1,490 மில்லிமீட்டர், ஐந்தடிக்கும் குறைவு. அது தாராளமாக வந்துவிடும். வேகன் ஆர் 1,620. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கி, உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டால் வரும். ஸ்விஃப்ட் 1,735. அதை உள்ளே கொண்டுவந்துவிடலாம், ஆனால் கதவைத் திறந்து இறங்க முடியாது. காருக்குள்ளேயே குடியிருப்பதென்றால் எதற்குச் சொந்த வீடு?

எனவே சின்னக் கார்தான். டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்காத, முதுகோடு சேர்த்து அறுத்துவிட்ட குட்டைக் கார்.

எவ்வளவு சின்னதாக இருந்தால் சின்னக் கார் என்று சர்க்கார் கணக்கில் எழுதிவைத்தவர் நமக்கு அடுத்த சீமைக்காரர். 2006 பட்ஜெட்டில் சிவகங்கை ப. சிதம்பரம், நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் கலால் வரி 24 சதவீதம் வேண்டாம், 16 போதும் என்றார். அன்று முதல் கார் கம்பெனிகள் டேப்பும் கையுமாக அலைந்து நான்கு மீட்டருக்குள் எதையெல்லாம் அடைக்கலாம் என்று பார்த்து வருகின்றன. ஜிஎஸ்டி வந்தபோதும் அந்த அளவுகோல் போகவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று சின்னப் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 ஆக இருந்தது 18 ஆகக் குறைந்தது. அன்று காலை என் மனைவி பேப்பரை மடித்து, அந்தச் செய்தி மட்டும் மேலே தெரிகிற மாதிரி என் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எப்போது பேசக்கூடாது என்பது தெரியும்.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பஞ்சு வாங்கிய கணக்கையும் நூல் விற்ற கணக்கையும் பைசா சுத்தமாக ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு ஒரு கார்க் கணக்கு பெரிய விஷயமா என்று நினைத்தேன். பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்யும்வரை.

"அப்பா, இப்ப யாருப்பா கார் வாங்குறாங்க? லீஸ் எடுங்க. மாசம் ஒரு தொகை. இன்சூரன்ஸ், சர்வீஸ், டேக்ஸ் எல்லாம் அவன் தலைவலி. மூணு வருசத்துல புதுசு மாத்திக்கலாம்."

அவன் சொல்வதில் அவனுக்கு நியாயம் இருக்கிறது. அவன் வேலை பார்க்கும் மாதிரிக் கம்பெனிகளில் லீஸ் தொகையைச் சம்பளத்தில் வரி போடுமுன்பே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. வருமான வரியில் மிச்சமாகும். எங்கள் ஆலையில் சம்பளத்தில் பிடிப்பது பி.எஃப்பும் சொசைட்டிக் கடனும்தான். வரி போடுகிற அளவுக்குச் சம்பளம் வளரவில்லை. அதோடு இந்த லீஸ்காரர்களின் கடை சென்னையிலும் பெங்களூரிலும் விரிந்த அளவுக்கு எங்கள் ஊர் மணிக்கூண்டுப் பக்கம் விரியவில்லை. போனில் பிடித்த ஒரு கம்பெனி, ஊர் பேரைக் கேட்டதும் "திண்டுக்கல்... சார், பின்கோடு சொல்லுங்க" என்று இழுத்தது. பிரியாணி என்றால் உடனே தெரிந்திருக்கும்.

மாமனாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"லீஸுன்னா, நம்ம நாகல் நகர் வீட்டை ஒத்திக்கு விட்டிருக்கோமே, அது மாதிரிங்களா மாப்ள? மூணு லட்சம் வாங்குனோம். மூணு வருசம் இருப்பாங்க. காலி பண்ணும்போது மூணு லட்சத்தையும் எண்ணிக் குடுத்துருவோம். வாடகையும் கிடையாது, வட்டியும் கிடையாது."

"அப்படி இல்லைங்க மாமா. இதுல மாசாமாசம் கட்டணும்."

"கடைசில?"

"காரைத் திருப்பிக் குடுத்துரணும்."

"அவன் என்ன திருப்பிக் குடுப்பான்?"

"டெபாசிட் கட்டியிருந்தா அதைக் குடுப்பான். கீறல் கிறல் இருந்தா அதுல பிடிச்சுக்குவான்."

மாமனார் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். "அப்ப வண்டி அவனுது, கீறல் நம்மளுது."

சட்டம் படித்த ஒருவர்கூட லீஸ் ஒப்பந்தத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. ஒத்திக்கு வீடு விட்டவர், வாங்கிய முன்பணத்தை வட்டிக்கோ வியாபாரத்துக்கோ விட்டுச் சம்பாதிக்கிறார். இருப்பவருக்கு வாடகை மிச்சம். வீடு அங்கேயே நிற்கிறது, சமயத்தில் விலையும் ஏறுகிறது. கார் அப்படியில்லை. ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலை இறங்குகிற சாமான். அந்த இறக்கத்தை யாராவது கட்டியாக வேண்டும். லீஸ்காரர் அதை அறுபது தவணையாக நறுக்கி, மேலே தன் லாபத்தையும் ஜிஎஸ்டியையும் தூவி, நம்மிடமே வசூலிக்கிறார்.

பேரேட்டைப் பிரித்தேன். ஷோரூம் விலை ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை மாற்றினார்கள்: ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 13. ஆக 71,500 ரூபாய். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பை 2018 செப்டம்பர் முதல் புதுக்காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். எல்லாம் போட்டால் தெருவில் இறங்கும்போது ஆறரை லட்சம். ஒன்றரை கையில், ஐந்து கடனில். ஒன்பது சதவீதத்தில் ஐந்து வருடத்துக்குத் தவணை 10,379. மொத்தம் ஏழே முக்கால் லட்சம் சுமார். பராமரிப்பு, அடுத்த இன்சூரன்ஸ் என்று ஒரு லட்சம் சேர்த்து, ஐந்தாம் வருடம் மூன்று லட்சத்துக்கு விற்பதாகக் கழித்தால் ஐந்தே முக்கால் நிற்கும். லீஸ் கம்பெனி சொன்ன தொகை மாதம் பதினைந்தாயிரத்தைத் தொட்டது. ஐந்து வருடத்துக்கு ஒன்பது லட்சம். முடிவில் கையில் சாவிக்கொத்து மட்டும், அதுவும் சாவி இல்லாமல்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாறுகிற உத்தியோகம், பழைய காரை விற்க அலைய நேரமில்லாத வேலை, வரிச்சலுகை என்று இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நியாயமான கூலிதான். நான் பிறந்தது பேகம்பூர், படித்தது அதற்குப் பக்கத்தில். மாறிப் போவதென்றால் அடுத்த தெருவுக்குத்தான் போவேன்.

கணக்கு இருக்கட்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி என்னைக் கதிகலங்க வைத்தது. வண்டியைத் திருப்பித் தரும்போது "சாதாரணத் தேய்மானம்" மட்டுமே அனுமதிக்கப்படும்.

அந்தச் "சாதாரண"த்தை எழுதியவர் எங்கள் குடும்பத்தில் யாரையும் பார்த்ததில்லை. முதல் நாளே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் சிதறுகாய், பானெட்டில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். வெயிலில் காய்ந்த குங்குமம் பெயின்ட்டை விட்டு எளிதில் போகாது. பின்கண்ணாடியில் "பழனி ஆண்டவர் துணை" ஒட்டியாக வேண்டும். சிறுமலைக்குப் போனால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிற களைப்புக்கு மலைவாழைத்தார் ஒன்றாவது டிக்கியில் ஏறும். தாரை வெட்டிய இடத்தில் வடிகிற பால் பட்டால் அந்தக் கறை காரின் ஆயுளுக்கும் இருக்கும். பழனியிலிருந்து திரும்பும்போது பஞ்சாமிர்த டப்பா ஒன்று தவறாமல் கவிழும். அதைக் கழுவப் போய் சீட்டுக்கு அடியில் இருப்பதைப் பார்த்தவர்கள் பாதியிலேயே கைவிட்டுவிடுவார்கள். நிலக்கோட்டையிலிருந்து கல்யாணத்துக்குப் பூ வரும். ஆடி பிறந்தால் மைத்துனன் வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போவான். போகும்போது காரில் இரண்டு பேர், வரும்போது மூன்று பேர். மூன்றாவது ஆள் பின்சீட்டில் நின்றுகொண்டு சீட் பெல்ட்டை மென்றுகொண்டு வரும்.

எங்கள் வீட்டிலிருந்து யாரும் எதையும் வாங்கியபடி திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. தூக்குச்சட்டி போனால் மூடி வராது.

லீஸ் என்பது ஒரு காருக்கு ஓர் ஆள் இருக்கும் ஊரில் யாரோ யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு. அதில் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வேறு. மீறினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாகத் தண்டம். முகூர்த்தம் இருக்கும் மாதத்தில் அந்த வரம்பை என் மனைவியின் அக்கா குடும்பம் மட்டுமே தீர்த்துவிடும்.

பூட்டுப் பட்டறையில் ஆயுளைக் கழித்த பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னொரு கோணத்தில் வந்தார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவர் எல்லாப் பூட்டையும் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்ப்பார். காரின் விளம்பரத் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "பொத்தானை அமுக்குனா தெறக்குதா? அப்புறம் என்னத்துக்கு அதைப் பூட்டுன்னு சொல்லிக்கிட்டு?" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சாவி ரெண்டும் உன்கிட்ட இருக்குமா, ஒண்ணு அவன்கிட்ட இருக்குமா?" சரியான கேள்வி. ஆனால் கடனில் வாங்கினாலும் சில ஃபைனான்ஸ்காரர்கள் இரண்டாவது சாவியை வாங்கி வைத்துக்கொள்வதுண்டு என்று நான் சொன்னதும், அவருக்கு உலகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

போர்டு விஷயமும் இருக்கிறது. ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து. 1989-இல் வந்த வாடகைக் கார்த் திட்டப்படி அந்த உரிமம் வேண்டுமானால் குறைந்தது ஐம்பது வண்டி வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நம் ஊர்ப் பக்கம் வெள்ளைப் போர்டை ஓசைப்படாமல் வாடகைக்கு விடும் அண்ணன்மார் பெருகிக் கிடக்கிறார்கள். நீண்டகால லீஸில் வெள்ளைப் போர்டும் உண்டு. இருந்தாலும் போனில் பேசியவர் எந்தப் போர்டு என்பதை உறுதியாகச் சொல்லவில்லை. கறுப்பு என்றால் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துத் தெருவே "விருந்தாளி யாரு?" என்று வருடக்கணக்கில் கேட்கும். டோலிலும் நஷ்டம்: 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு 200 தடவை கடக்கும் ஃபாஸ்டாக் வருடாந்திரப் பாஸ் வந்ததே, அது சொந்த உபயோக வண்டிக்கு மட்டும். மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி, கல்யாணம், துணிக்கடை என்று கொடைரோடு டோலைத் தாண்டாத மாதம் எங்களுக்குக் கிடையாது.

சொந்தமாக வைத்துக்கொள்வதற்கு ஓர் உதாரணமும் உண்டு. இந்தியாவின் முதல் மாருதி 800-ஐ 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் சாவி வாங்கிக்கொண்டவர் டெல்லியில் ஹர்பால் சிங் என்பவர். இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். அந்தக் காரை அவர் 2010-இல் இறக்கும்வரை வைத்திருந்தார். இருபத்தாறு வருடத்துக்கும் மேல்! மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, அவர் மெயின்டனன்ஸுக்கு எவ்வளவு செலவு பண்ணியிருப்பாரு தெரியுமா?" என்றான். செலவு செய்யட்டுமே. சிங் வீட்டுத் தூக்குச்சட்டிக்கு மூடி இருந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

பேரேட்டின் அடுத்த பக்கத்தில் இன்னொரு கணக்கையும் போட்டேன்; அதை வீட்டில் காட்டவில்லை. காரே இல்லாவிட்டால்? பழனி போய்வர நூற்றிருபது கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய் என்று வைத்தால் டாக்ஸிக்கு 1,800. மதுரையும் ஏறக்குறைய அதுவே. கோயில், ஆஸ்பத்திரி, விசேஷம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. ஐந்து வருடத்துக்கு இரண்டு லட்சம். பெட்ரோலும் டிரைவரும் அதற்குள்ளேயே. சொந்தக் காருக்குப் போட்ட ஐந்தே முக்காலில் பெட்ரோல் சேரவேயில்லை. வாங்குவது, லீஸ் எடுப்பது இரண்டையும் டாக்ஸி தூக்கிச் சாப்பிடுகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் நான் இந்தத் தாளைத்தான் சபையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு டாக்ஸியில் போய் இறங்கி, "வெயிட்டிங் எவ்வளவு?" என்று வாசலில் பேரம் பேசுகிற புருஷனுக்குப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது?

இப்படி நான் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் வந்தான்.

"மாமா, வாங்குறீங்களோ லீஸுக்கு எடுக்குறீங்களோ, அது உங்க இஷ்டம். ஆவணியில ஒட்டன்சத்திரத்துக்குப் பொண்ணு பாக்கப் போறோம். வண்டி வருதுன்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன்."

"எந்த வண்டிடா?"

"இதுதான்" என்று விளம்பரத் தாளைக் காட்டினான். "கலரு மட்டும் வெள்ளையா பாத்துக்கங்க."

மனைவி உள்ளேயிருந்து காலண்டரோடு வந்தாள். அதில் ஏற்கெனவே பென்சிலில் குறித்திருந்தது: அம்மாவுக்கு மதுரை ஆஸ்பத்திரி, அக்கா மகளுக்குச் சின்னாளப்பட்டியில் சேலை எடுப்பது, பெரியப்பா வீட்டுக் கிடாவெட்டு, கார்த்திகைக்குப் பழனி. ஆவணிக்கு நேராக மைத்துனன் பெயரையும் எழுதினாள்.

"எனக்கு எந்த நாள்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு என்ன தனி நாள்?" என்றாள், பென்சிலை எடுக்காமலே. "நீங்கதானே ஓட்டப் போறீங்க. எல்லா நாளும் உங்களுக்குத்தான்."