குடலைக்கே என் ஓலை

கேள்வி: விருந்தினர் வியக்கும்படி, கடையில் வாங்காமல், வீட்டிலேயே ஒரு காரமும் ஓர் இனிப்பும் செய்ய விரும்புகிறேன். எவற்றைச் செய்யலாம்?
— ஒரு வாசகி, உத்திரமேரூர்

பதில்: முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கல்லில் பொறித்து வைத்த ஊரில் வசிக்கும் தாங்கள் பட்சணத் தேர்தலை என்னிடம் ஒப்படைத்திருப்பதால், பரம சந்தோஷத்துடன் என் ஓலையைக் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லிக்கே போடுகிறேன். பச்சரிசியையும் உளுந்தையும் ரவைப் பதத்தில் அரைத்து, இரவெல்லாம் புளிக்கவிட்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு சீரகத்தோடு சுக்கும் பெருங்காயமும் உருக்கிய நெய்யும் கலந்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வார்த்து ஆவியில் வையுங்கள். ஓரம் வெந்த பின்னும் நடுப்பாகம் வேக வெகுநேரம் பிடிக்குமாதலால், ஈர்க்குச்சியைக் குத்தி, மாவு ஒட்டாமல் வந்த பிறகே இறக்க வேண்டும். குடலை அகப்படாவிட்டால் நெய் தடவிய எவர்சில்வர் டம்ளர் போதும்; மணம் சற்றுக் குறையும், ஏனெனில் அதில் பாதி இலையின் உபயம். இனிப்புக்கு அக்காரவடிசில்: அரிசி பாலிலேயே குழைந்த பிறகுதான் வெல்லம் சேரலாம், முந்தினால் அரிசி விறைத்துக்கொள்ளும். நெய் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.